பன்னிரண்டில் இரண்டு காலி

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அந்தத் திருகாணி மறுபடியும் அவள் கையிலிருந்து நழுவியது.

தோட்டுத் திருகாணியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். இரும்பை வெட்டுகிற சின்ன முனைக்கு இன்சர்ட் என்று பெயர். அதை டூலின் நுனியோடு பிடித்து வைப்பது இந்தத் திருகாணி. பதினான்கு வருஷமாக அவள் பேசிக்கொண்டே, பாதிநேரம் வேறெங்கோ பார்த்துக்கொண்டே மாட்டிய திருகாணி. இன்று அது விழுந்ததைக் காதுதான் அவளுக்குச் சொன்னது. விரல் சொல்லவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் யாரோ இரவல் கொடுத்தவை போல மரத்துக் கிடந்தன.

குனிந்து இரும்புச் சுருள்களுக்கு நடுவே தேடினாள். கிடைக்கவில்லை. யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள். கணவர் வாசலில் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நாத்தனார் பின்னறையில் கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிக்கொண்டு, முடிந்த பாகங்களை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தாள். அவள் சட்டென்று டப்பாவிலிருந்து இன்னொரு திருகாணியை எடுத்தாள். அன்றைக்கு அது இரண்டாவது.

அந்தத் தெருவில் அவளுக்கு இம்மி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையிலும் மருந்துச் சீட்டிலும் மட்டும் இருந்தது. "இம்மி பிசகக் கூடாது" என்று ஒரு நாளைக்கு நாற்பது தரம் சொல்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. பிறகு வாடிக்கையாளர்களே, "இம்மி கைல குடுத்துட்டீங்களா? அப்ப அளக்க வேண்டாம்" என்று சொல்லும் அளவுக்கு அது பட்டமாகிவிட்டது.

அவள் இந்தப் பட்டறைக்குள் வந்தது பாகங்களின் ஓரத்தில் நிற்கிற பிசிறை அரத்தால் தேய்க்கத்தான். கணவர் பழைய லேத்தில் மன்னர். கையால் சக்கரத்தைச் சுற்றி, நெருப்புப் பறக்க, எந்த இரும்பையும் வெண்ணெயாகக் கடைவார். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் ஓட்டுகிற முதல் சிஎன்சி லேத் வந்து இறங்கியபோது அவரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலாயிற்று. எண்ணும் எழுத்துமாகத் திரையில் ஓடியதைப் பார்த்து, "இது மெஷினா, பரீட்சையா?" என்றார். மெஷினை நிறுவ வந்த இன்ஜினியர் நான்கு நாள் பாடம் நடத்தினார். அவள் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தட்டை மார்போடு அணைத்தபடி ஓரமாக நிற்பாள். நான்காம் நாள், "எல்லா டூலுக்கும் ஒரே மாதிரி இருக்கு, அஞ்சாம் நம்பருக்கு மட்டும் ஏன் கழித்தல் குறி இல்ல?" என்று கேட்டாள். இன்ஜினியர் திரையை உற்றுப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு அந்தக் குறியைப் போட்டார். பிறகு அவள் கணவரிடம், "சார், இனிமே டீ நீங்க போடுங்க, மேடம் இங்க நிக்கட்டும்" என்றார்.

அன்று நின்றவள்தான். பதினான்கு வருஷம் நின்றுவிட்டாள்.

இப்போது அந்த மெஷின் கிழடாகிவிட்டது. எவ்வளவு கவனமாகக் கடைந்தாலும் வட்டம் லேசாக முட்டையாகிறது. புதிது வாங்கியே ஆகவேண்டும் என்று முடிவாகி, விற்பனைக் கம்பெனியில் பேசியும் ஆயிற்று. அங்கே இரண்டு மெஷின்கள் தயாராக நின்றன. இரண்டும் ஒரே அளவு, ஒரே பலம். வித்தியாசம் டரட்டில்தான். டூல்களைச் சுற்றிலும் மாட்டிவைத்து, வேண்டியதை முன்னால் திருப்பிக் கொண்டுவருகிற உருளைதான் டரட். ஒரு மெஷினில் அதற்கு எட்டுப் பக்கம். இன்னொன்றில் பன்னிரண்டு. எது வேண்டும் என்று சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சொல்லிவிட வேண்டும். வேறொருவரும் கண் வைத்திருக்கிறார்.

எட்டா, பன்னிரண்டா? அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. மாடிப்படி ஏறினால் படிகளை எண்ணினாள். ஜன்னல் கம்பிகளை எண்ணினாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

கணவர் எட்டு என்றார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பக்கம் குறைந்தால் ஒவ்வொரு பக்கமும் அகலம். தடித்த டூல் மாட்டலாம், அடிக்கு அடி நின்று வெட்டும், நடுங்காது. அதோடு, மூன்று மாதம் அலைந்து அவரே பிடித்துவந்த பெரிய புஷ் ஆர்டர் இருந்தது. புஷ் என்றால் தடித்த குழாய்த் துண்டு, ஆழமான துளை. உள்ளே போய்க் கடைய நாற்பது மில்லிமீட்டர் கம்பி வேண்டும். எட்டில் அது ஜம்மென்று உட்காரும். பன்னிரண்டில் முப்பத்திரண்டுக்கு மேல் நுழையாது.

அவள் பன்னிரண்டு என்றாள். இது யார் எதைக் கொண்டுவந்தாலும் செய்து கொடுக்கிற பட்டறை. காலையில் பத்து புஷ், பகலில் இருபது வால்வுத் தண்டு, சாயந்திரம் எங்கோ நின்றுபோன மெஷினுக்கு ஒற்றைப் பாகம். ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் நாலு டூலைக் கழற்றி நாலு டூலை மாட்ட வேண்டும். மாட்டினால் அளவு நகரும். மறுபடி தொட்டுப் பார்த்து அளவு கொடுக்க வேண்டும். பன்னிரண்டு பக்கம் இருந்தால் எல்லாம் அதனதன் இடத்திலேயே இருக்கும். வேலை மாறினாலும் டூல் மாறாது.

இதுவும் நியாயம்தான். ஆனால் அவள் சொல்லாத நியாயம் ஒன்று அதற்கடியில் இருந்தது.

எட்டு மாதமாக அவள் வலதுகை காலையில் சொன்ன பேச்சைக் கேட்கிறது, மத்தியானத்துக்கு மேல் கேட்பதில்லை. மணிக்கட்டில் நரம்பு அழுந்திப் போயிருக்கிறதாம். தனியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு, மருந்துச் சீட்டைப் பருப்பு டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். டாக்டர் ஓய்வு என்றார், பிறகு ஒரு சின்ன ஆபரேஷன் என்றார், முழுசாகச் சரியாகுமா என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். பன்னிரண்டு பக்கம் இருந்தால், கை நன்றாக இருக்கிற காலையிலேயே அத்தனை டூலையும் மாட்டிவிடலாம். தேய்கிற டூலுக்கு ஒரு ஜோடியும் பக்கத்திலேயே தயாராக நிற்கும். மத்தியானம் பொத்தானை அமுக்கினால் போதும். எட்டு என்றால் மத்தியானமும் கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும். ஒரு மாதம்கூட மறைக்க முடியாது.

ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஒருமுறை காய்ச்சலில் அவள் ஏழு நாள் படுத்தபோது தற்காலிகமாக ஒரு ஆளை வைத்தார்கள். "உனக்கும் ரெஸ்ட்டாச்சு, நல்லதுதானே" என்றார் கணவர், அன்பாகத்தான். அந்த ஏழு நாளும் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து, அந்தப் பக்கம் ஓடும் மெஷினைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். இது மூன்றாம் டூல், இது ஆறாம் டூல், ஐயோ, இது மழுங்கிப் போச்சே, மாத்துடா பாவி என்று அவள் உதடு முணுமுணுக்கும். பெற்ற பிள்ளை அடுத்த வீட்டில் அழுவதைக் கேட்பது போலிருந்தது. மிச்ச ஆயுசு முழுக்க அப்படிக் கிடக்க வேண்டுமானால்?

புதன்கிழமை சாப்பாட்டு மேஜையில் பேச்சு முற்றியது. நாத்தனாருக்கு இருவரையும் பிடிக்கும், இருவரையும் திட்டுவாள். கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து டூல் அலமாரியும் அளவுக் கருவிகளும் அவள் ராஜ்ஜியம். சாயந்திரமானால் மெஷினுக்கடியில் சேர்ந்த சுருள்களை வாரிக் கொட்டுவதும் அவள்தான். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"எட்டு கை வெச்ச மெஷினையே பதினாலு வருஷமா ஆட்டி வெச்சா. இப்ப பன்னெண்டு கேக்குது மகாராணிக்கு," என்றாள்.

"அண்ணி, நீங்க சும்மா இருங்க."

"நான் சும்மா இருந்தா இந்த வீட்ல எதுதான் ஓடும்?"

கணவர் இருவருக்கும் நடுவே தண்ணீர் ஜாடியை நகர்த்தி வைத்தார். வெள்ளிக்கிழமை அங்கேயே போய்ப் பெரிய புஷ்ஷை ஒன்று போட்டுப் பார்த்துவிடலாம், எது நிற்கிறதோ அதை எடுப்போம் என்றார். அவள் ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை, காலையில் வைத்துக்கொள்ள வேண்டும். "காலைலதான் தலை தெளிவா இருக்கும்," என்றாள். பத்து மணிக்கு என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை முழுக்கக் காகிதத்தில் வட்டம் போட்டு, பன்னிரண்டாகப் பிரித்து, எந்தப் பக்கத்தில் எந்த டூல் என்று எழுதினாள். அடித்தாள், மறுபடி எழுதினாள். பெரிய புஷ்ஷுக்கு ஏழு டூல் போதும். ஆனால் பன்னிரண்டையும் நிரப்பிக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வேகம். ஒரு பக்கம் காலியாக இருந்தாலும், "பாத்தியா, தேவையே இல்ல" என்று சொல்லிவிடுவாரே.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு போன் வந்தது. வேறொருவரின் சோதனை இழுத்துக்கொண்டே போகிறதாம். மூன்று மணிக்கு வாருங்கள் என்றார் விற்பனைக்காரர்.

மூன்று மணி! அவள் கையைப் பார்த்தாள். அது ஒன்றும் அறியாத குழந்தை போல மடியில் கிடந்தது.

இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல வழியில்லை, நாளை மத்தியானம் கெடு. காலை முழுக்கக் கையை வெந்நீரில் வைத்தாள், எடுத்தாள், உதறினாள். மடித்துப் பார்த்தாள். பட்டறைக்கும் வீட்டுக்கும் ஏழு தரம் நடந்தாள். "கூண்டுக்குள்ள விட்ட பூனை மாதிரி என்ன நடை?" என்றாள் நாத்தனார். கிளம்பும்போது அவளும் அளவுக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள். என் கருவியை யாரை நம்பியும் தரமாட்டேன் என்பது அவள் சொன்ன காரணம்.

விற்பனைக் கூடத்தில் தரை முகம் தெரியப் பளபளத்தது. வெள்ளை விளக்குகளின் கீழே இரண்டு மெஷின்களும் கல்யாணத்துக்கு நிற்கும் அக்காள் தங்கை போல நின்றன. விற்பனைக்காரர் கழுத்துப் பட்டியும் சிரிப்புமாக வந்தார். பன்னிரண்டு பக்கத்தையும் நிரப்பப் போகிறாள் என்றதும், "ஏழு போதுமே மேடம்?" என்று இழுத்தார். முழுசாக ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும் என்று அவள் அவர் வாயை அடைத்தாள்.

மாட்ட ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது, துண்டின் முகத்தை நடுமையம்வரை சமமாக வெட்டுகிற டூல். ஐந்தாவது, துளைக்குள் போகிற நீளக் கம்பி. பதினான்கு வருஷமாக அவள் மெஷினில் நான்கும் ஐந்தும் அவைதான். கை தானாக அங்கே போயிற்று. ஆறாவதற்கு வரும்போது விரல் மரத்துவிட்டது. எட்டாவதில் திருகாணி விழுந்தது. பளிங்குத் தரையில் டிங்கென்ற சத்தம் கோயில் மணி போல அவளுக்குக் கேட்டது. குனிந்து தேடி நிமிர்ந்தபோது கருவி மேஜை ஓரத்தில் ஒரு திருகாணி இருந்தது. கம்பெனிக்காரர்களுடையதாக இருக்கும் என்று நினைத்து எடுத்துக்கொண்டாள். கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விற்பனைக்காரர் யாருக்கோ மெசேஜ் அனுப்பினார். வியர்வை கண்ணில் இறங்கியது. பன்னிரண்டாவதை மாட்டி முடித்தபோது நாலரை மணி.

எப்போதும் என்ன செய்வாள்? துண்டு மாட்டாமல், வெறும் காற்றில் ஒருதரம் முழுசாக ஓட்டிப் பார்ப்பாள். பதினான்கு வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. அன்றைக்குத் தவறவிட்டாள். எல்லோரும் காத்திருக்கிறார்கள், கை மரத்ததை யாராவது பார்த்துவிடுவதற்குள் மெஷின் ஓட ஆரம்பிக்க வேண்டும். வேகத்தை மட்டும் கால் பங்காகக் குறைத்துப் பொத்தானை அமுக்கினாள்.

ஒன்று ஓடியது. இரண்டு, மூன்று ஓடின. நான்காவது டூல் துண்டின் மையத்தை நோக்கி இறங்கியது. அவள் கண் நான்காவதன் முனையிலேயே இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் நின்ற நீளக் கம்பியை அவள் பார்க்கவில்லை. எட்டுப் பக்க டரட்டில் பக்கத்து டூல் எட்ட நிற்கும். பன்னிரண்டில் நெருங்கி நிற்கும். நான்காவது இறங்க இறங்க, ஐந்தாவதும் கூடவே இறங்கி, துண்டைக் கவ்விப் பிடித்துச் சுழல்கிற சக்கின் தாடையை நெருங்கியது.

கணவர் பழைய லேத்துக்காரர். திரை அவருக்குப் புரியாது, ஆனால் அவர் கண் எப்போதும் சக்கின் மேலேயே இருக்கும். பாய்ந்து சிவப்புப் பொத்தானை அறைந்தார். அதற்குள் படாரென்று ஒரு சத்தம் வந்துவிட்டது.

மெஷின் தப்பியது. கம்பி வளைந்து, முனை தெறித்து, கண்ணாடிக் கதவில் ஒரு வெள்ளைக் கீறல் விழுந்திருந்தது.

விற்பனைக்காரர், எல்லாருக்கும் நடப்பதுதான் மேடம் என்று சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானம் அடியைவிட வலித்தது. கணவர் திட்டவில்லை. அவளையே பார்த்தார்.

"காத்துல ஓட்டிப் பாக்காம, நீயா?"

பக்கத்துப் பக்கம் நெருக்கம் என்று அவளுக்குத் தெரியாதா? நேற்று முழுக்க அந்த வட்டத்தைத்தானே வரைந்தாள்? நிரப்ப வேண்டும் என்ற வெறியில் தெரிந்ததே மறந்துபோயிற்று. இம்மி பிசகாதவள் ஒரு சாண் பிசகிவிட்டாள்.

கணவர் பெருமூச்சு விட்டார். எட்டையே எழுதிவிடலாம் என்றார். விற்பனைக்காரர் படிவத்தையும் பேனாவையும் நகர்த்தினார். பேனாவின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

அப்போது நாத்தனார் அளவுக் கருவிப் பெட்டியைத் திறந்து, அதன் அடியிலிருந்து பழைய இருமல் மிட்டாய் டப்பா ஒன்றை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தாள். உள்ளே கலகலத்தது.

"எழுதறதுக்கு முன்னாடி இதை எண்ணுடா," என்றாள் தம்பியிடம்.

அவர் திறந்தார். குட்டித் திருகாணிகள்.

"முப்பத்தேழு இருக்கும். எட்டு மாசமா சாயந்திரம் சுருள் வாரும்போது பொறுக்கினது. அதுக்கு முன்னாடி பதிமூணு வருஷத்துல ஒண்ணே ஒண்ணுதான் பொறுக்கியிருக்கேன், அதுவும் நீ போட்டது. டப்பால குறைஞ்சா அவ பயந்துடுவாளேன்னு புதுசு வாங்கி ரொப்பிட்டு, பழசை இதுல போட்டு வெச்சேன். இன்னிக்குக்கூட ஒண்ணு மேஜைல வெச்சேன். கண்ணு தெரியலையா உனக்கு? மத்தியானம் ஆனா அவ டம்ளரை எந்தக் கையால எடுக்கறான்னு ஒருநாளாவது பாத்தியா?"

அவள் தலை நிமிராமல் நின்றாள். எட்டு மாதமாகத் தன்னைக் குத்திக் குத்திப் பேசிய நாக்கு, இந்த ஒன்றை மட்டும் எப்படி அடக்கி வைத்திருந்தது! கண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. துடைக்க வலதுகையைத் தூக்கினாள். கன்னத்தில் கை பட்டதைக் கன்னம் உணர்ந்தது, கை உணரவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரை, பருப்பு டப்பாவை, காலை நேரக் கையை, மத்தியானக் கையை. விற்பனைக்காரர் நல்ல மனிதர், போன் வந்தது போல எழுந்து அப்பால் போனார்.

கணவர் டப்பாவை மூடினார், திறந்தார், மூடினார். "எட்டு மாசம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வாசல்வரை நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"எட்டும் வேணாம், பன்னெண்டும் வேணாம். நீ வீட்ல உக்காரு. டூல் மாட்ட ஒரு செட்டரைப் பாத்துக்கலாம். உன் கையை வித்து எனக்கு மெஷின் வேண்டாம்."

இதோ, வந்துவிட்டது. எந்த வார்த்தைக்குப் பயந்து எட்டு மாதம் திருடியைப் போல வாழ்ந்தாளோ, அதே வார்த்தை, அதே அன்போடு. வந்ததும் அவள் பயம் எங்கோ போயிற்று. இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

"கைதாங்க மரத்திருக்கு. கண்ணு மரக்கல, காது மரக்கல, மண்டை மரக்கல. என்னைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்கார வெச்சீங்கன்னா எல்லாமே மரத்துடும்." படிவத்தை இடதுகையால் ஓரமாக நகர்த்தினாள். "எனக்காகப் பாவப்பட்டுப் பன்னெண்டு வாங்க வேண்டாம். அரை மணி குடுங்க. நிக்கலைன்னா எட்டையே எழுதுங்க. செட்டரையும் கூப்பிடுங்க, நானே வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்றேன்."

அவர் தலையை ஆட்டினார். சரி என்றா, இல்லை என்றா தெரியவில்லை. பேனாவை மட்டும் மூடிவைத்தார்.

அவள் டரட் முன்னால் போய் நின்றாள். வளைந்த கம்பியைக் கழற்றச் சொல்லி, கம்பெனியிலிருந்தே இன்னொன்றைக் கேட்டாள். இந்தமுறை கம்பியின் இருபக்கமும் ஒட்டி நின்ற இரண்டு டூல்களையும் கழற்றச் சொன்னாள். எதிர்ப்புறத்தில் ஒன்றைக் கழற்றச் சொல்லி, முகம் வெட்டுகிற டூலுக்கு அங்கே இடம் ஒதுக்கினாள். நான்காம் பக்கமும் ஆறாம் பக்கமும் வாயைத் திறந்துகொண்டு காலியாக நின்றன. நேற்று இந்தக் காலியைக் காட்டத்தான் வெட்கப்பட்டாள்.

மறுபடி மாட்ட யார்? கம்பெனி ஆள் முன்னால் வந்தார். அவரை நகர்த்திவிட்டு நாத்தனார் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் திருகணும்?"

"வலப்பக்கம் அண்ணி. பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திருகாதீங்க, பதமா."

"பதமாவா? இருபது வருஷமா உங்க ரெண்டு பேரையும் பதமாத்தானே திருகிட்டிருக்கேன்."

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

காற்றில் ஒருமுறை முழுசாக ஓட்டினாள். கம்பிக்கும் தாடைக்கும் நடுவே கைக்குட்டை மடித்து வைக்கலாம் போல இடம் இருந்தது. துண்டை மாட்டினாள். ஓடியது. பெரிய துளைக்குள் கம்பி நுழைந்ததும் கிரீச்சென்று ஒரு நடுக்கம். முப்பத்திரண்டு, நாற்பது ஆகுமா? அவள் கண்ணை மூடிக் கேட்டாள். வெட்டும் ஆழத்தைப் பாதியாக்கினாள், வேகத்தைக் கொஞ்சம் இறக்கினாள். நடுக்கம் அடங்கி, கம்பி சீராக மூச்சுவிட ஆரம்பித்தது. நாத்தனார் துண்டை அளந்து, "இம்மி பிசகல," என்றாள், வேண்டாவெறுப்பாக.

கணவர் துளைக்குள் விரல் நகத்தை விட்டு ஓட்டிப் பார்த்தார். அவருக்கு அதுதான் மைக்ரோமீட்டர்.

"நேரம் ஆகுது. ரெண்டு தரத்துல முடியறது நாலு தரம் ஆகுது," என்றார்.

"ஆகும்" என்று அவள் ஒப்புக்கொண்டாள். பொய் சொல்லவில்லை. "இது மாசத்துல ஒரு வேலைங்க. மிச்ச முப்பது வேலையும் டூலைக் கழட்டாமலே ஓடும்."

மூன்று மாதம் அலைந்து பிடித்த ஆர்டர் அவருக்கு. அந்தத் துண்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். அதன் பளபளப்பில் அவர் முகம் கோணலாகத் தெரிந்தது. பிறகு விற்பனைக்காரரைக் கூப்பிட்டு, பன்னிரண்டை எழுதினார். எழுதி முடித்ததும் அவளிடம் ஒரே ஒரு கட்டளை போட்டார். திங்கட்கிழமை டாக்டரிடம் அவரும் வருவார்.

மூன்று வாரம் கழித்து மெஷின் வந்து இறங்கியது. ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருந்தார்கள். கை பழையபடி ஆகுமா என்றால் டாக்டர் இப்போதும் உதட்டைத்தான் பிதுக்கினார். அந்த உதட்டை நினைத்தால் அவளுக்குத் தூக்கம் போயிற்று. முதல் நாள் காலையிலேயே, கை சொன்ன பேச்சைக் கேட்கிற நேரத்தில், பத்து டூலையும் அவளே மாட்டினாள். நான்கிலும் ஆறிலும் மூடி போட்டு, அதன்மேல் சிவப்புப் பெயின்ட்டில் 'காலி' என்று எழுதினாள். கணவர் பார்த்துவிட்டு, பன்னிரண்டு என்று வாங்கினது கடைசியில் பத்தா என்று கேட்டார். அவள் பெயின்ட் டப்பாவை மூடினாள்.

மத்தியானம் மூன்று மணி. விரல்கள் போய்விட்டன. வேலை மாறியது, டூல் மாறவில்லை. மெஷின் பாட்டுக்கு ஓடியது. ஆனாலும் அவளால் நிற்க முடியவில்லை. சுற்றிச் சுற்றி வந்தாள், கண்ணாடிக் கதவில் காதை வைத்தாள். ஏழாவது டூலின் சத்தம் லேசாக மாறியிருந்தது. முனை தேய்கிறது. மெஷினை நிறுத்தி, தேய்ந்ததை நாத்தனாரைக் கழற்றச் சொல்லி, அதன் ஜோடிக்கு மாற்றி ஓட விட்டாள். பின்னறை மேஜையில் நாத்தனார் புது முனையை வைத்துத் திருக உட்கார்ந்தாள்.

"பதமா அண்ணி."

"தெரியும், தெரியும். நீ உன் மெஷினைப் பாரு."

அவள் மெஷினைப் பார்க்கத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் டிங்கென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து நாற்காலி நகர்கிற சத்தம், முட்டியைப் பிடித்துக்கொண்டு யாரோ குனிகிற முனகல்.

இம்மி திரும்பிப் பார்க்கவில்லை.

"முப்பத்தெட்டு," என்றாள்.